முட்டையை ரம் வேகவைக்காது



கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமை இருப்பவர்கள் படியுங்கள். இல்லாதவர்கள் "சூப்பர் சார்" என்று போட்டுவிட்டு நகர்ந்துவிட வேண்டாம். வகுப்பிலும் அது எனக்குப் பிடிக்காது.

டிசம்பர் பிறந்தால் அமெரிக்காவிலும் கனடாவிலும் இருக்கும் நம் பிள்ளைகள் எக்னாக் செய்து படம் போட ஆரம்பித்துவிடுகிறார்கள். தெரியாத உறவினர்களுக்குச் சொல்கிறேன். அது அந்த ஊர் கிறிஸ்துமஸ் பானம். பால், க்ரீம், சர்க்கரை, முட்டை, மேலே துருவிய ஜாதிக்காய். அதோடு ரம்மோ பிராந்தியோ போர்பன் விஸ்கியோ ஊற்றுவார்கள். பார்க்கப் பாயசம் மாதிரி கெட்டியாக, வெண்மஞ்சளாக இருக்கும்.

போன வாரம் நம் பழைய மாணவர் குழுவில் ஒருவர் செய்முறை போட்டிருந்தார். ஆறு முட்டையைப் பச்சையாக உடைத்து அடித்து, பாலையும் க்ரீமையும் சேர்த்து, ரம் ஊற்றி, பெரிய கிண்ணத்தில் வைத்துவிட வேண்டியதுதான். அடுப்பே கிடையாது. ஒரு பெண் மட்டும், "பச்சை முட்டையா?" என்று கேட்டிருந்தாள். அதற்கு வந்த பதில்: "ரம் இருக்குல்ல, கிருமியெல்லாம் செத்துடும்." அந்தப் பதிலுக்கு வரிசையாக லைக். லைக் போட்டவர்களில் பாதிப் பேர் என்னிடம் பதினொன்றாம் வகுப்பு வேதியியல் படித்தவர்கள்.

வாத்தியார் மதுபானம் பற்றி எழுதலாமா என்று சில சொந்தக்காரர்கள் முகம் சுளிப்பார்கள் என்பது தெரியும். நான் யாரையும் குடிக்கச் சொல்லவில்லை, குடிக்கிறவர்களைத் திட்டவும் இல்லை. தப்பான வேதியியலைத் திட்டுகிறேன். அது என் வேலை.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். அந்தச் செய்முறையில் இருப்பது ஆறு முட்டை, ஒரு லிட்டர் பால், கால் லிட்டர் க்ரீம், கால் லிட்டர் ரம். ஒரு முட்டைக்கு 50 மில்லி வைத்தால் ஆறுக்கு 300. மொத்தம் 1,800 மில்லி. சர்க்கரையை விட்டுவிடுகிறேன். ரம்மில் ஆல்கஹால் 40 சதவீதம் என்றால் 250 மில்லியில் 100 மில்லி சுத்த ஆல்கஹால். 1,800-இல் 100. ஐந்தரை சதவீதம். நம் ஊர் ரம்மில் 42.8 என்று போட்டிருக்கும், அதை வைத்தாலும் ஆறைத் தொடவில்லை.

அதாவது பீர் அளவு. கொரோனா காலத்தில் சானிடைசர் பாட்டிலைத் திருப்பி 60 சதவீதத்துக்கு மேல் இருக்கிறதா என்று பார்த்துப் பார்த்து வாங்கினீர்களே, அதே நீங்கள்தான் இப்போது ஐந்தரை சதவீதத்தை நம்புகிறீர்கள். அதுவும் கையில் தேய்க்கிற விஷயம் இல்லை. கொழுப்பும் புரதமும் நிறைந்த பாலுக்குள் ஒளிந்திருக்கும் பாக்டீரியாவை, சில மணி நேரத்தில், ஃபிரிட்ஜ் குளிரில் அது கொன்றுவிட வேண்டுமாம். ஆல்கஹால் கிருமியைக் கொல்வது அதன் புரதங்களைக் குலைப்பதால். அதற்குச் செறிவு வேண்டும், நேரம் வேண்டும். இங்கே இரண்டும் இல்லை.

"முட்டையை நன்றாகக் கழுவிட்டுத்தான் சார் உடைக்கிறோம்" என்பார்கள். சால்மோனெல்லா ஓட்டின் மேல் மட்டும் இருந்தால் கழுவுவதில் கொஞ்சம் அர்த்தம் உண்டு. அதில் எண்டரிடிடிஸ் என்றொரு வகை இருக்கிறது. அது கோழியின் கருப்பைப் பகுதியிலேயே தங்கி, ஓடு உருவாவதற்கு முன்பே முட்டைக்குள் போய்விடும். விரிசல் இல்லாத, பளபளவென்ற, அன்று வாங்கிய முட்டையிலும் இருக்கலாம். எந்த சோப்பும் அங்கே எட்டாது. அமெரிக்காவில் கடைக்கு வரும் முட்டைகளைக் கழுவி, குளிரூட்டித்தான் விற்கிறார்கள். அப்படியிருந்தும் அந்த நாட்டில் ஆண்டுக்குச் சுமார் 79,000 பேர் முட்டை வழி சால்மோனெல்லாவால் நோயுறுகிறார்கள், 30 பேர் இறக்கிறார்கள் என்பது அந்நாட்டு உணவு மருந்து நிர்வாகத்தின் மதிப்பீடு.

எந்த ஒரு முட்டையிலும் அது இருக்கும் வாய்ப்பு மிகக் குறைவு என்பதும் உண்மை. அதை மறைக்க மாட்டேன். ஆனால் ஆம்லெட்டுக்கும் இந்தக் கிண்ணத்துக்கும் வித்தியாசம் இருக்கிறது. ஒருவர் ஒரு முட்டையைச் சாப்பிட்டால் அந்த ஒரு முட்டையின் அபாயம் அவருக்கு மட்டும். ஒரு டஜன் முட்டையை ஒரே பாத்திரத்தில் அடித்தால், ஒன்றில் இருந்தால் போதும், இருபது பேர் டம்ளருக்கும் போகும். அந்தக் கிண்ணம் விருந்து முழுக்க, நாலைந்து மணி நேரம், சூடேற்றிய வரவேற்பறையில் மேசை மேல் உட்கார்ந்திருக்கும். பாலும் முட்டையும் சர்க்கரையும் பாக்டீரியாவுக்கும் விருந்துதான்.

அடுத்த வாதம் எல்லாவற்றையும்விடப் பிரபலமானது: "பத்து வருஷமா செய்றோம், யாருக்கும் ஒன்னும் ஆகல."

உங்களுக்கு எப்படித் தெரியும்? சால்மோனெல்லா உள்ளே போய் 6 மணி நேரத்திலிருந்து 6 நாள் கழித்துத்தான் காய்ச்சல், வயிற்றுப்போக்கு, வயிற்றுப் பிடிப்பு எல்லாம் வரும். சனிக்கிழமை உங்கள் வீட்டில் குடித்தவருக்குச் செவ்வாய்க்கிழமை வயிறு கெட்டால், அவர் திங்கட்கிழமை ஆபீஸ் கேன்டீனைத் திட்டுவார். உங்களுக்கு போன் செய்து சொல்லப் போவதில்லை. சொல்லாததை "ஆகவில்லை" என்று எழுதிக்கொள்வதற்குப் பெயர் பரிசோதனை இல்லை.

இனி நம் வீட்டுப் பெரியவர்கள். அத்தைமார்கள் கேட்பார்கள், "ஏன்டா, வயசுக்கு வந்த பொண்ணுக்கு நாட்டுக்கோழி முட்டையைப் பச்சையா உடைச்சு நல்லெண்ணெயோட குடுக்கலையா? நாங்கெல்லாம் குடிச்சு வளரலையா?" குடித்தீர்கள். அந்தப் பழக்கத்துக்கும் நான் வக்காலத்து வாங்க மாட்டேன். பச்சை வெள்ளைக்கருவில் இருக்கும் அவிடின் என்ற புரதம் பயோட்டின் வைட்டமினைக் கட்டிப்போட்டுவிடும், வேகவைத்தால்தான் அது செயலிழக்கும். ஆனாலும் கொல்லைக் கோழி காலையில் இட்ட ஒரே முட்டையை உடைத்த நிமிடமே ஒரு பெண் விழுங்குவது ஒன்று. கடையில் வாங்கிய டஜன் முட்டையைக் கலக்கி, மணிக்கணக்கில் வைத்து, வந்தவர் போனவருக்கெல்லாம் ஊற்றுவது வேறு. அந்த வித்தியாசத்தை எங்கள் அம்மாவிடம் கேட்டிருந்தால் அவர்களே சொல்லியிருப்பார்கள். அடித்த முட்டையை அவர்கள் ஒரு மணி நேரம் வெளியே வைத்து நான் பார்த்ததில்லை.

குழுவில் விஷயம் தெரிந்த ஒருவர் என்னிடம் ஒரு அஸ்திரம் விட்டார். "சார், நியூயார்க் ராக்கெஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் சோதனையே செய்து நிரூபித்துவிட்டார்கள்." உண்மை. அந்தக் கதை எனக்கும் பிடிக்கும். ரெபெக்கா லான்ஸ்ஃபீல்ட் என்ற நுண்ணுயிரியல் அறிஞர் அங்கே இருந்தார். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பாக்டீரியாக்களை ஏ, பி, சி என்று வகை பிரித்தவர். மருத்துவம் படித்த என் மாணவர்கள் இன்றும் அவர் பெயரைச் சொல்லித்தான் பரீட்சை எழுதியிருப்பார்கள். அவர் தன் ஆய்வகத்துக்கு ஆண்டுதோறும் எக்னாக் செய்வார், அவருக்குப் பின்னும் அங்கே அந்த வழக்கம் தொடர்ந்தது. பின்னால் வந்தவர்கள் அந்தக் கலவையில் வேண்டுமென்றே சால்மோனெல்லாவைக் கலந்து பார்த்தார்கள். மூன்று வாரம் கழித்துப் பார்த்தபோது உயிரோடு ஒன்றும் இல்லை.

மூன்று வாரம்! மூன்று மணி நேரம் அல்ல. தொடக்க நாட்களில் கிருமி இருந்தது. மேலும் அவர் செய்முறையில் ஒரு டஜன் முட்டைக்குப் போர்பனும் ரம்மும் சேர்த்துக் கிட்டத்தட்ட ஒன்றரை லிட்டர் போகும். நம்மவர் கலவையைவிட இரண்டு மடங்குக்கும் மேலான செறிவு. அதை மூடி, ஃபிரிட்ஜில் வாரக்கணக்கில் வைப்பார்கள். அந்தச் சோதனை சொல்வது இதுதான்: இவ்வளவு மது, இவ்வளவு காலம் இருந்தால் கிருமி அழிந்தது. இதிலிருந்து "ரம் ஊற்றினால் கிருமி சாகும்" என்று எடுத்துக்கொள்வது, ஆறு மணி நேரம் ஊறிய அரிசியை மாவாட்டலாம் என்று சொன்னதைக் கேட்டு, அரிசியில் தண்ணீர் தெளித்த கையோடு கிரைண்டரில் போடுவது மாதிரி. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகமும் எக்னாக்கில் மது சேர்ப்பதைக் கிருமி நாசினியாக நம்பக்கூடாது என்றுதான் சொல்கிறது.

லண்டனில் இருக்கும் பிள்ளைகளுக்கு மட்டும் ஒரு விலக்கு. 1988-இல் எட்வினா கரி என்ற இளைய அமைச்சர், நாட்டின் முட்டை உற்பத்தியில் பெரும்பகுதி சால்மோனெல்லாவால் பாதிக்கப்பட்டிருக்கிறது என்று சொல்லி, முட்டை விற்பனை சரிந்து, பதவியே போனது. அதன் பிறகு அங்கே கோழிகளுக்குத் தடுப்பூசி போட ஆரம்பித்தார்கள். 1998 முதல் அப்படி வளர்த்த கோழிகளின் முட்டைக்குச் சிங்க முத்திரை குத்துகிறார்கள். 2017-இல், முத்திரை உள்ள முட்டையைக் கர்ப்பிணிகளும் குழந்தைகளும் முதியவர்களும்கூட அரைவேக்காடாகவோ பச்சையாகவோ சாப்பிடலாம் என்று அந்நாட்டு உணவுத் தர முகமை அறிவித்தது. கவனியுங்கள், அங்கே பச்சை முட்டையைக் காப்பாற்றியது கோழிக்குப் போட்ட ஊசி. டம்ளரில் ஊற்றிய ரம் இல்லை.

இப்போது நான் சொல்ல வந்த முக்கியமான இடம்.

ரம் கிருமியைக் கொல்லவில்லை என்று ஆகிவிட்டதா? அப்படியானால் அது அந்தக் கிண்ணத்தில் இருக்க வேண்டிய அவசியம் என்ன? சுவைக்காக, போதைக்காக. சரி. அது வேண்டியவருக்கு வேண்டிய விஷயம். எல்லோருக்கும் பொதுவான பாத்திரத்தில் அதை ஏன் ஊற்றுகிறீர்கள்?

நம் ஆட்களின் வீட்டில் டிசம்பரில் யார் யார் இருக்கிறார்கள் என்று யோசியுங்கள். மகளுக்குப் பிரசவம் பார்க்க ஊரிலிருந்து போன அப்பா அம்மா. நிறைமாதக்காரி. மூன்று வயது மூத்த குழந்தை. அதுவும் பாயசம் என்று நினைத்து டம்ளரைத் தூக்கும். அப்பாவுக்குச் சர்க்கரை வியாதி, இன்சுலின் போடுகிறார், இரவில் தூக்க மாத்திரை வேறு. கர்ப்பிணிக்கு இவ்வளவு மது பாதுகாப்பானது என்று ஒரு அளவே கிடையாது. இன்சுலின் எடுப்பவருக்கு மது ரத்தச் சர்க்கரையைத் தாழ்த்தக்கூடும். தூக்க மாத்திரையோடு மது சேர்ந்தால் மூச்சே மந்தமாகலாம். பச்சை முட்டையால் அதிகம் பாதிக்கப்படுவோர் யார் என்று பட்டியல் கேட்டாலும் இதே நாலு பேர்தான்: கர்ப்பிணி, சிறுகுழந்தை, 65 தாண்டியவர், உடல் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர். உலகத்தில் எந்தக் கூட்டத்துக்குப் பச்சை முட்டையையும் மதுவையும் கலந்து கொடுக்கக்கூடாதோ அந்தக் கூட்டம் முழுக்க ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்திருக்கிறது.

இன்னொருவரும் இருப்பார். குடியை விட்டவர். ஒவ்வொரு குடும்பத்திலும் ஒருவர் இருப்பார், பெயர் சொல்ல வேண்டியதில்லை. க்ரீமும் சர்க்கரையும் ஜாதிக்காயும் சேர்ந்தால் ரம் வாசனை அடங்கிவிடும். "சும்மா பால்தான் மாமா, ஒரு வாய் குடிங்க" என்று சிரித்துக்கொண்டே நீட்டுகிறார்களே, அதைவிடக் கேவலமான விருந்தோம்பல் எனக்குத் தெரியவில்லை. ஒருவர் வருஷக்கணக்கில் கட்டிய மதிலை ஒரு டம்ளரில் உடைக்கும் உரிமையை உங்களுக்கு யார் கொடுத்தது?

அமெரிக்கக் கடைகளில் அட்டைப் பெட்டியில் வரும் எக்னாக் வழக்கமாகப் பாஸ்சரைஸ் செய்தது, மது இல்லாதது. வேண்டியவர்கள் வீட்டில் ஊற்றிக்கொள்கிறார்கள். வியாபாரத்துக்குச் செய்கிறவர்களுக்கு இருக்கிற ஒழுங்கு, பாசத்துக்குச் செய்கிற நமக்கு இருக்கக்கூடாதா?

ஆகவே, செய்யுங்கள். நன்றாகச் செய்யுங்கள். நான் சொல்கிறபடி.

ஆறு மஞ்சள் கருவை 100 கிராம் சர்க்கரையோடு வெளிறிப் போகும்வரை அடியுங்கள். அடி கனமான பாத்திரத்தில் முக்கால் லிட்டர் பாலும் கால் லிட்டர் க்ரீமும் ஒரு சிட்டிகை உப்பும் போட்டு, ஓரத்தில் நுரை கட்டும்வரை சூடாக்குங்கள். பொங்கக்கூடாது. அந்தச் சூடான பாலை ஒரு கரண்டி, இன்னொரு கரண்டி என்று கருக்கலவையில் விட்டுக் கலக்கிக்கொண்டே இருங்கள். ஒரேயடியாகக் கருவைப் பாலில் கொட்டினால் முட்டைப் பொரியல்தான் கிடைக்கும். பிறகு எல்லாவற்றையும் மறுபடி அடுப்பில் சிறு தீயில் வைத்து, மரக்கரண்டியால் அடியோடு கிளறுங்கள். தெர்மாமீட்டர் 71 டிகிரி செல்சியஸ் காட்ட வேண்டும். 75 வரை போகலாம். உங்கள் ஊர் கருவியில் ஃபாரன்ஹீட் என்றால் 160-இலிருந்து 167. ஆட்டுக்கறிக்கும் கோழிக்கும் குத்திப் பார்க்கும் அதே கருவி போதும்.

"கொதிக்காமல் 71-இல் எப்படி சார் வேகும், திரிந்து போகாதா?" தனி மஞ்சள் கரு 65 டிகிரியிலேயே கெட்டிப்பட ஆரம்பிக்கும். பாலில் கலந்துவிட்டால் அதன் புரத மூலக்கூறுகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகிப் போகின்றன, சர்க்கரையும் நடுவில் நிற்கிறது. ஒன்றோடொன்று பின்னிக்கொள்ள அவற்றுக்கு இன்னும் சூடு வேண்டும். அதனால் இந்தக் கலவை திரிவதற்கு 80-ஐத் தாண்ட வேண்டும். கிருமி சாகும் சூட்டுக்கும் கலவை திரியும் சூட்டுக்கும் நடுவில் கிட்டத்தட்ட பத்து டிகிரி இடைவெளியை இயற்கையே உங்களுக்கு விட்டு வைத்திருக்கிறது. அதைப் பயன்படுத்தாமல் ரம்மைக் கும்பிடுகிறீர்கள்.

வடிகட்டி, பாத்திரத்தை ஐஸ் தண்ணீரில் நிறுத்தி ஆறவிட்டு, மூடி ஃபிரிட்ஜில் இரவு முழுக்க வையுங்கள். பரிமாறும்போது ஜாதிக்காயைத் துருவுங்கள், டப்பாத் தூள் வேண்டாம். நுரை வேண்டும் என்பவர்கள் பச்சை வெள்ளைக்கருவை அடித்துச் சேர்க்காதீர்கள். அது முதலில் விட்ட தப்பைப் பின்வாசல் வழியே அழைத்து வருவது. கொஞ்சம் க்ரீமை அடித்துச் சேருங்கள். மீந்த வெள்ளைக்கரு மறுநாள் காலை ஆம்லெட். கிண்ணத்தை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்காதீர்கள். சின்ன ஜாடியில் ஊற்றி ஊற்றி வையுங்கள், மீதி உள்ளேயே இருக்கட்டும்.

ரம் பாட்டில் தனியாக, உயரமான இடத்தில். வேண்டிய பெரியவர் தன் டம்ளரில் 30 மில்லி தானே ஊற்றிக்கொள்வார். 150 மில்லி எக்னாக்கில் 30 மில்லி விட்டால் ஆறரை சதவீதம் வரும். குழுவில் வந்த செய்முறையைவிடக் கொஞ்சம் அதிகம்தான். எனவே குடிப்பவர்களை நான் வஞ்சித்தேன் என்று யாரும் சொல்ல முடியாது. ஒரு நியாயமான மறுப்பு உண்டு: ரம் பாலோடு ஓரிரவு ஊறினால் காரம் அடங்கி வழவழப்பாக இருக்கும் என்பார்கள். ஒப்புக்கொள்கிறேன். அப்படி வேண்டுமானால் காய்ச்சி ஆறிய கலவையில் ஒரு பங்கைத் தனி பாட்டிலில் எடுத்து ரம் சேர்த்து, மேலே பெரிய எழுத்தில் "மது உண்டு" என்று தமிழிலும் எழுதி ஒட்டுங்கள். ஊரிலிருந்து போன அம்மாவுக்கு அந்த ஊர் பாட்டில் எது என்னவென்று தெரியாது.

கடைசியாக, பாரம்பரியம் என்று பேசுகிறவர்களுக்கு. எக்னாக்கின் மூதாதை பாசெட் என்ற இடைக்கால ஆங்கிலேயப் பானம். சூடான பாலில் ஏலோ ஒயினோ ஊற்றித் திரைய வைப்பது. சூடான பால்! அடுப்பு அந்தப் பாரம்பரியத்தில் ஆரம்பத்திலிருந்தே இருக்கிறது. ஜார்ஜ் வாஷிங்டன் செய்முறை என்று ஒன்று சுற்றுகிறது, அது அவருடையது என்பதற்கு ஆதாரமே இல்லை. ஆதாரம் உள்ள பாரம்பரியம் வேண்டுமா? 1826 கிறிஸ்துமஸ் இரவு, வெஸ்ட் பாயின்ட் ராணுவப் பள்ளி மாணவர்கள் தடையை மீறி விஸ்கி கடத்தி வந்து எக்னாக் செய்து குடித்து, ஜன்னல்களை உடைத்துக் கலவரம் செய்தார்கள். பலர் ராணுவ நீதிமன்றத்தில் நின்றார்கள். முப்பத்துச் சொச்சம் வருஷம் கழித்து உள்நாட்டுப் போரில் தென் மாநிலங்களின் தலைவரான ஜெஃபர்சன் டேவிஸும் அன்றைய கூத்தில் இருந்தவர்தான். அதையும் பின்பற்றப் போகிறீர்களா?

முட்டை சாப்பிடாத சித்தி, பெரியம்மாக்கள் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன். கஸ்டர்ட் பவுடரில் முட்டை கிடையாது. 1837-இல் இங்கிலாந்தில் ஆல்ஃபிரட் பேர்ட் என்பவர் முட்டை ஒத்துக்கொள்ளாத தன் மனைவிக்காகச் சோளமாவில் கண்டுபிடித்தது. ஒரு லிட்டர் பாலுக்கு இரண்டு மேசைக்கரண்டி போட்டுக் காய்ச்சி, ஆறவைத்து, க்ரீமும் ஜாதிக்காயும் சேருங்கள். பேரப்பிள்ளைகளுக்கு வித்தியாசம் தெரியாது.

மறுத்து எழுத விரும்புகிறவர்கள் தாராளமாக எழுதுங்கள். எத்தனை மில்லி, எத்தனை சதவீதம், எத்தனை டிகிரி, எத்தனை நாள் என்று எண்ணோடு எழுதுங்கள். "எங்க வீட்ல எப்பவும் இப்படித்தான்" என்று வரும் கமென்ட்டுக்கு நான் பதில் போட மாட்டேன்.